முதலில் கிளம்புகிற விமானம்

விமான டிக்கெட் விற்கிறவர்களுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பது மட்டும்தான் தெரியும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே, முதல் மாடியில், இருபத்திரண்டு வருஷமாக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவள் என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறேன். என்னைப் போல டிக்கெட் விற்று அவதிப்பட்டவர்களும், என்னைப் போன்றவர்களிடம் டிக்கெட் வாங்கி அவதிப்பட்டவர்களும் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம்?" அதற்கு நான் சொல்கிற பதில், "நாலு மணி நேரம்." சென்னையா, நாலு மணி நேரம். திருச்சியா, அதுவும் நாலு மணி நேரம். என் பெயரைச் சொன்னதைவிட இதைத்தான் அதிகம் தடவை சொல்லியிருப்பேன். பொய் இல்லை. ஆனால் இந்தப் பதிலோடு நான் அனுப்பி வைத்த ஒருவர் தன் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போய்விட்டது. செல்வராசு என்று பெயர். பங்சாரில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். அது என் தவறுதான் என்பதை அவரிடம் சொல்லாமல் மறைத்தும் வைத்திருந்தேன். அந்த விஷயத்துக்கு வருவதற்கு முன் சிரிக்கக்கூடியவற்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிக்க முடியாது.

யாருடைய கடிகாரம்

சாலாக் செலாத்தானிலிருந்து ராஜூ அங்கிள் வந்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். நேரத்தைப் பற்றி அவரிடம் யாரும் பேசவே முடியாது. மனைவியோடு திருச்சிக்கு டிக்கெட் எடுத்தார். போய்ச் சேரும் நேரம் காலை பத்து ஐந்து என்று டிக்கெட்டில் இருந்தது. டிக்கெட்டில் எப்போதும் இறங்குகிற ஊரின் நேரத்தைத்தான் போடுவார்கள். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்மா, நான் ரயில்வே," என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அங்கிள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டிருக்கிறார். இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். பத்து ஐந்திலிருந்து இரண்டரையைக் கழித்தால் ஏழு முப்பத்தைந்து. அதை ஊருக்குச் சொல்லிவிட்டார். மனைவியின் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் ஒரு வேன் பிடித்து, மாலையோடு ஏழு மணிக்கே திருச்சி விமான நிலைய வாசலில் நின்றிருக்கிறார்கள். இவர்கள் வெளியே வரும்போது பதினொன்றாகிவிட்டது. மாலை வாடிவிட்டது, வேன் டிரைவர் கோபித்துக்கொண்டார், ஒரு சின்ன மாமனார் கிளம்பியே போய்விட்டார். திரும்பி வந்ததும் அங்கிள் நேராக என்னிடம்தான் வந்தார்.

"டிக்கெட் வாங்குனது நாங்க. பின்ன எதுக்கும்மா அவங்க நேரத்தைப் போட்டீங்க?"

பக்கத்தில் இருப்பவர்கள்

விமானத்தைத் தவறவிடுகிறவர்கள் தூரத்திலிருந்து வருகிறவர்கள் என்று நினைப்பீர்கள். இல்லை. ஈப்போக்காரர்கள் ஐந்து மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டுவிடுவார்கள். எனக்குப் பயம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஜெஞ்சாரோம்காரர்களைக் கண்டுதான். அங்கே செம்பனைத் தோட்டத்துக்கு மேலே விமானம் தாழ்வாகப் போகும், சக்கரம்கூடத் தெரியும். அதனால் விமானம் தங்கள் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி அவர்களுக்கு ஒரு எண்ணம்.

ஒரு குடும்பம், ஆறு பேர். கல்யாணச் சேலை எடுக்கச் சென்னைக்குப் போகிறார்கள். காலை எட்டரை மணி விமானம். ஏழரைக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்று இரண்டு தடவை சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். ஏழே காலுக்கு அந்த வீட்டு அக்கா எனக்குப் போன் செய்து, இப்போதுதான் சாமி கும்பிட்டுக் கிளம்புவதாகச் சந்தோஷமாகச் சொன்னார். நான் கோமுட்டர் ரயிலில் கிள்ளானிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். ரயில் முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பயனில்லை. ஆறு பேரும் மறுநாள்தான் போனார்கள்.

"நாங்க பக்கத்துலதானே இருக்கோம், கொஞ்சம் நிக்கச் சொல்லக் கூடாதா லா?"

முதலாளியின் பாடம்

இப்படி நாலு பேர் வந்து சண்டை போட்ட பிறகு, டிக்கெட் எடுக்க வருகிறவர்களிடம் வீட்டிலிருந்து கிளம்புவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு கார் பிடிப்பது எல்லாவற்றையும் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். "பத்து மணி நேரம் ஆகும் அண்ணே" என்றால் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். எதிர்க் கடையில் நாலு மணி நேரம் என்கிறார்களே என்று படியிறங்கிவிடுவார்.

முதலாளி காதர் பாய் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். தொண்டிப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் துணி வியாபாரத்துக்கு வந்து, பிறகு இந்தக் கடையை ஆரம்பித்தவர். அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். என்னைக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நிதானமாகத்தான் சொன்னார். நானும் மறுநாளிலிருந்து பழைய பல்லவிக்கே திரும்பிவிட்டேன், அதுதான் எனக்கும் சுலபமாக இருந்தது.

"நாம விக்கிறது பிளைட்டு, ரோடு இல்ல. பறக்குற நேரத்தை மட்டும் சொல்லு, சாந்தி."

செல்வராசு வந்த சாயங்காலம்

ஆறு வருஷத்துக்கு முன்னால். கடை மூட அரை மணி நேரம் இருக்கும்போது செல்வராசு படியேறி வந்தார். இடுப்பில் சமையல் துண்டு அப்படியே இருந்தது. கையில் பாஸ்போர்ட். வந்தவர் உட்காராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மதியம் ஊரில் அம்மா தவறிவிட்டதாகச் சொன்னார். ஊர் அறந்தாங்கிக்குப் பக்கத்தில். வீட்டுக்கு அவர்தான் கடைசிப் பிள்ளை. அவர்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த பிள்ளை கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. ஐஸ் பெட்டியில் வைத்து இவருக்காகக் காத்திருந்தார்கள்.

அன்றைக்குக் கிளம்புகிறது எதிலும் இடமில்லை. மறுநாள் காலைக்குத் தட்டினேன். திரையில் இரண்டு வரி வந்தது. முதல் வரி சென்னை, எட்டரைக்குக் கிளம்பி, அங்கே பத்து மணிக்குள் இறங்குவது. இரண்டாவது திருச்சி, பதினொன்று நாற்பதுக்குக் கிளம்பி, அங்கே ஒரு மணி சுமாருக்கு இறங்குவது. "முதல்ல எது போகுதோ அதுல போடுங்கக்கா, என்னால இங்க நிக்க முடியல," என்றார். முதல் வரியில் போட்டேன். இரண்டாவது வரியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று ஆறு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். என் நடமாட்டமெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். மிஞ்சிப் போனால் பினாங்கு, காரில் நாலரை மணி நேரம். இந்தியாவுக்கு இரண்டு முறை போனதும் சேலை எடுக்கவும் கோயில் பார்க்கவும்தான், ஏசி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே. வரைபடம் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தும், எனக்குத் தமிழ்நாடு என்பது ஒரே ஊர். ஒரு பக்கம் சென்னை, கொஞ்சம் தள்ளி மற்றதெல்லாம். சீக்கிரம் கிளம்பினால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, கை தன்னால் தட்டிவிட்டது.

செல்வராசு எங்கள் கடைப் போனிலிருந்தே ஊருக்குப் பேசினார். அண்ணன் எடுத்ததும் போனை என்னிடம் நீட்டிவிட்டார். தம்பி எப்போது வருவான், எடுக்கிற நேரத்தைச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அண்ணன் கேட்டார். "காலையில பத்து மணிக்கெல்லாம் தமிழ்நாட்டுல இறங்கிடுவாரு," என்றேன். எங்கே இறங்குவார் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் திருச்சியில்தான் இறங்குவார்கள் என்பதால் அண்ணனும் கேட்கவில்லை.

"ரொம்ப நல்லதும்மா. அப்ப மதியம் ரெண்டு மணிக்கு எடுக்குறோம்னு சொல்லிடுறேன்."

காதர் பாய் கேட்டது

மறுநாள் பதினொரு மணிக்குக் காதர் பாய் வந்தார். முந்தைய நாள் போட்ட டிக்கெட் நகல்களை அவர் தினமும் ஒரு தடவை புரட்டுவார். செல்வராசுவின் நகலைப் புரட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அறந்தாங்கிக்காரரை ஏன் சென்னைக்கு அனுப்பினாய் என்று கேட்டார். முதலில் கிளம்புவது அதுதான் என்றேன். திருச்சியில் சீட்டு இல்லையா என்றார். எங்கள் திரையில் காலி சீட்டு ஒன்பதுக்கு மேல் காட்டாது; ஒன்பது என்று வந்தால் ஒன்பதோ, அதற்கு மேலோ. இரண்டாவது வரியின் ஓரத்தில் ஒன்பது என்று நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சென்னையிலிருந்து அந்த ஊருக்குக் காரில் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது, திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரம் சொச்சம் என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது செல்வராசு கடலுக்கு மேலே எங்கேயோ இருந்தார். அவரை நேரத்தோடு வீடு சேர்த்திருக்க வேண்டிய திருச்சி விமானம் இன்னும் நம் ஊர் மண்ணில்தான் நின்றுகொண்டிருந்தது. காதர் பாய் தானே அண்ணனுக்குப் போன் போட்டு, இரண்டு மணிக்கு எடுக்க வேண்டாம், பிள்ளை சென்னையிலிருந்து ரோட்டில் வருகிறார், பொறுங்கள் என்று கெஞ்சினார். பொறுத்தார்கள். இரண்டு நாலாகி, நாலு ஆறாகியும் பொறுத்தார்கள். அந்த ஊரில் பொழுது சாய்ந்த பிறகு எடுப்பதில்லை. ஆறு மணிக்கு எடுத்துவிட்டார்கள், அண்ணன்தான் கொள்ளி வைத்தார். செல்வராசுவின் கார் வீட்டு வாசலில் நின்றபோது ஆறு நாற்பது. வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். தரை ஈரமாக இருந்ததாம்.

பறக்கிற நேரத்தை மட்டும் சொல் என்று சொன்னவர் நீங்கள்தானே என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது வரியைப் பார்த்தது அவர் இல்லை, நான். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அவர் நகலைத் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டது மட்டும் இப்போதும் காதில் நிற்கிறது.

"பிளைட்டுல நாலு மணி நேரம், ரோட்டுல ஏழு மணி நேரம். நீ எதை வித்தே, சாந்தி?"

சீட்டு இருந்ததா

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் செல்வராசு திரும்பி வந்தார். தலையை மழித்திருந்தார். ஒரு பொட்டலம் முறுக்கை என் முன்னால் வைத்தார். அன்றைக்கு அவசரத்தில் உதவி செய்ததற்காம். எனக்கு அதைத் தொடக்கூடக் கை வரவில்லை. வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மாதமாகத் தயாராக இருந்தவள், அந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் பேச்சை வானிலைக்குக் கொண்டுபோனேன்.

கிளம்புகிற மாதிரி எழுந்தவர், அன்றைக்குத் திருச்சிக்கு விமானம் இருந்ததா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். "இருந்துச்சு, ஆனா ஃபுல்லுண்ணே," என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. ஒரு நொடியில், சரளமாக, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நாலு மணி நேரம் என்று சொல்லிப் பழகிய அதே வாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அதானே, சீட்டு இருந்தா நீங்க போட்டுத் தந்திருக்க மாட்டீங்களா?"

ஆப் சொல்வது

அதற்குப் பிறகு நான் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று யாரிடமும் முதலில் கேட்பதில்லை. வீடு எங்கே, எத்தனை மணிக்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்துதான் விமானத்தைத் தேடுவேன். காதர் பாய் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. வாடிக்கையாளர்கள்தான் சொல்கிறார்கள். பாஸ், நான் டிக்கெட்தானே கேட்டேன், எதுக்கு என் மாமியார் வீட்டு விலாசம் என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

போன மாதம் பங்சாரில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்தது. தோழியின் கல்யாணம் காரைக்குடியில். போனை என் மூக்குக்கு நேராக நீட்டியது. கோலாலம்பூரிலிருந்து சென்னை இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சம், பறக்கும் நேரம் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்று பளிச்சென்று போட்டிருந்தது. காலையில் கிளம்பிச் சென்னையில் இறங்கி, மதியம் நலங்குக்குப் போய்விடலாம் என்பது அதன் திட்டம். சென்னை வழியாகப் பதினோரு மணி நேரம் ஆகும், திருச்சிக்கு எடும்மா, இல்லாவிட்டால் நலங்கு முடிந்து பந்தியும் முடிந்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்தப் பெண் என் முன்னாலேயே போனில் சென்னைக்கு டிக்கெட் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தது.

"ஆன்டி, நீங்க லெவன் அவர்ஸ்னு சொல்றீங்க, ஆப்ல ஃபோர் கூட இல்ல. ஆப் எதுக்கு ஆன்டி பொய் சொல்லும்?"

இந்த வருஷம்

செல்வராசு வருஷா வருஷம் அம்மாவின் திதிக்கு ஊருக்குப் போவார், விமானங்களே பறக்காமல் நின்ற காலத்தைத் தவிர. ஒவ்வொரு முறையும் என்னிடம்தான் வருவார். ஒவ்வொரு முறையும் நான் கேட்காமலேயே திருச்சிக்குப் போட்டுக் கொடுப்பேன், ஜன்னலோர சீட்டாகப் பார்த்து. அவர் நன்றி சொல்வார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு கோமுட்டரில் கிள்ளானுக்குப் போவது எவ்வளவு நீளமான பயணம் என்பதை எந்த ஆப்பும் காட்டாது.

இந்த முறை வந்தவர், அடுத்த வருஷத்திலிருந்து ஊரோடு போய்விடப் போவதாகச் சொன்னார். முட்டி வலி, அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லையாம். இனிமேல் வர மாட்டார் என்றதும் எனக்குத் திக்கென்றது. டிக்கெட்டை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, அன்னைக்குத் திருச்சியில சீட்டு இருந்துச்சு. ஃபுல்லுன்னு நான் பொய் சொன்னேன். நான்தான் பாக்காம சென்னைக்குப் போட்டுட்டேன்," என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. காதர் பாய் எழுந்து வெளியே போய்விட்டார்.

செல்வராசு டிக்கெட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, அன்றைக்கு விமான நிலையக் கவுண்டரில் இருந்தவர் சென்னை என்று சொன்னபோதுதான் எங்கே போகிறோம் என்பது தனக்கே விளங்கியது என்றார். நிமிர்ந்து பலகையைப் பார்த்திருக்கிறார். பதினொன்று நாற்பது, திருச்சி என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போர்டிங் பாஸ் அதற்குள் கைக்கு வந்துவிட்டது, யாரிடம் போய் என்ன கேட்பது என்று தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிட்டாராம். பிறகு இங்கே திரும்பி வந்ததும், கூட வேலை செய்கிற ஒருவர் அதே திருச்சி விமானத்தில் போனதும், அதில் பாதி சீட்டு காலியாக இருந்ததும் தெரிய வந்திருக்கிறது. அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு முறுக்குப் பொட்டலத்தோடு என்னிடம் வந்திருக்கிறார். "தெரிஞ்சும் பின்ன ஏண்ணே எங்கிட்டக் கேட்டீங்க?" என்றேன்.

"'ஆமா, நாந்தான் தப்பா போட்டுட்டேன்'னு நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முதல்ல போறதுல போடுங்கன்னு கேட்டது நாந்தாங்கிறதைக் கொஞ்சம் மறந்திருப்பேன்க்கா."

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பயண நேரம் சொல்லிப் பிழைக்கிற நான், எதிர் நாற்காலியில் இருந்த ஒரு மனிதரிடம் போய்ச் சேர ஆறு வருஷம் எடுத்துக்கொண்டேன்.